கார்னெட் ப்ரோச்: கல்லுக்கு அடியில் இருக்கும் தகடு

இடைக்காலத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ சாக்சன் மக்களின் நகைகளில் எனக்கு உயிர் கிங்ஸ்டன் ப்ரோச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை. 1771-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிரையன் ஃபாசெட் என்ற பாதிரியார் நடத்திய அகழ்வில், ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுத் தங்க வேலை. இப்போது லிவர்பூலில் இருக்கிறது. சுமார் 8.5 செ.மீ. வட்டத்துக்குள் எத்தனை அறைகள்! ஒவ்வொன்றிலும் அளவாக வெட்டிய கார்னெட் என்ற சிவப்புக் கல், இடையிடையே நீலக் கண்ணாடி. அதன் படிக்கட்டு வடிவ அறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 4 செ.மீ. பித்தளை வட்டத்தில் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன்.

அறைச் சுவர்கள் தயார். மெல்லிய பித்தளைப் பட்டையைச் சாவணத்தால் மடித்து, வெங்காரம் தடவி, வெள்ளிப் பற்றாசு வைத்து ஊதியாயிற்று.

அப்புறம் கல். கார்னெட் தடிமனாக இருந்தால் கறுப்பாகத்தான் தெரியும். வைரப்பொடித் தட்டில் தேய்த்து 1 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போன கார்னெட்டில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனதாகக் கல்லை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சிறு கற்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் இந்த வேலையின் உயிர்நாடி கல்லுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கொல்லர்கள் ஒவ்வொரு கல்லின் கீழும் கட்டம் கட்டமாக அச்சு விழுந்த தங்கத் தகடு வைத்தார்கள். 1 மி.மீ. அகலத்துக்குள் மூன்று நான்கு கோடுகள்கூட உண்டு. பித்தளைத் துண்டில் எஃகு ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி அச்சு செய்தேன். முலாம் பூசிய செப்புத் தகட்டை அதன்மேல் வைத்து, மேலே ஒரு தோல் துண்டு போட்டு வைஸில் (திருகுப் பிடிப்பான்) இறுக்கினால் கோடுகள் அப்படியே ஏறிவிடுகின்றன. வெறும் தகட்டின் மேல் வைத்த கல் ஒரு கோணத்தில் மின்னி, கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடுகிறது. கட்டத் தகட்டின் மேல் வைத்த கல்லோ எப்படித் திருப்பினாலும் எங்காவது ஒளியைப் பிடித்துத் தருகிறது. விளக்கொளியில் அணிந்து நடமாடும் நகைக்கு இதைவிட என்ன வேண்டும்? கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

பதிப்பு வேலை பாக்கி. தேன்மெழுகில் சுண்ணாம்புத் தூள் கலந்து அறைகளில் நிரப்பி, தகட்டையும் கல்லையும் உட்காரவைத்து, சுவரின் விளிம்பைக் கல்மேல் லேசாகச் சாய்க்க வேண்டும். அதற்கு முன் பின்பக்கத்து ஊசியைப் பற்றவைத்தாக வேண்டும். கல் ஏறிய பிறகு தீ காட்டினால் மெழுகு உருகிவிடும்.