சொகுசு கார் பட்டறையில், ஸ்விஃப்ட் டிராக்கில்

கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராக் டேக்கு (அவரவர் வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற நாள்) நானும் நண்பரும் பணம் கட்டியபோது, நான் கொண்டுபோவதாக இருந்தது என்னுடைய ஜெர்மன் சொகுசு செடானைத்தான். அதற்குப் பத்து நாள் முன்னால் அந்த வண்டி பட்டறைக்குப் போய்விட்டது. கட்டிய பணத்தை விட மனசில்லை, கடைசியில் மனைவி ஓட்டும் ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வண்டியோடும் பட்டதை எழுதிவைக்கிறேன். பழைய சொகுசு கார் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், தினம் ஓட்டுகிற வண்டியை முதல்முறை டிராக்கில் இறக்கப் போகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் செடான். வாங்கும்போது ஏழு வருடப் பழசு, 64,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, புதிதாக வந்தபோது இருந்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. இங்கேதான் பலரும் கணக்கில் தப்பு செய்கிறோம். வண்டியின் விலை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, ஆனால் ஸ்பேர்ஸ் விலை அப்படியேதான் இருக்கிறது. வாங்குவதற்கான பணத்தை மட்டும் எடுத்துவைத்திருந்தேன், பராமரிக்கிற பணத்தை எடுத்துவைக்கவில்லை.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்பக்க இடது மூலை இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. ஸ்டார்ட் செய்ததும் டிக்கிக்கு அடியில் ஒரு உறுமல் கேட்டது, வண்டி மெல்ல எழுந்தது. சரி, ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வண்டியைத் தாங்குவது) என்றால் இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் அந்த உறுமலும் நின்றுபோய், எழுந்திருக்கவே மறுத்தது. முதலில் காட்டிய பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, பைக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்லிப் புதுசு மாட்டிக் கொடுத்தார்கள். அறுபதாயிரத்துக்கு மேல் ஆனது. ஐந்து மாதத்தில் அதே மூலை மறுபடி இறங்கியது.

அப்போதுதான் திருப்பூரிலேயே எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேனரைக் கையிலேயே எடுக்கவில்லை. சீயக்காய் கரைப்பது மாதிரி ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் கரைத்து, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் பையின் மேல் பிரஷ்ஷால் தடவினார். ரப்பர் மடிந்து கீழே போகிற இடத்தில் கடுகு அளவுக்குக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "ஏனுங்க தம்பி, கம்ப்ரசர் மேல தப்பே இல்லீங்க. ஓட்டை இங்க இருக்குது. இதை அடைக்காம எத்தனை கம்ப்ரசர் போட்டாலும் செத்துப்போயிருமுங்க" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். அந்தக் கம்ப்ரசர் எப்போதாவது சில விநாடிகள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. பையில் காற்று ஒழுகினால் தினமும் நிமிடக்கணக்கில் ஓடும், சூடாகும், கடைசியில் கருகும். ரப்பர் பையோ ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரே இடத்தில் மடிந்து விரிகிறது. நம் ஊர் வெயிலில் ஏழெட்டு வருடத்தில் அந்த மடிப்பு வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிலோமீட்டர் கம்மியாக ஓடிய வண்டி என்று நான் சந்தோஷப்பட்டேனே, ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, வயசுதான் கணக்கு.

இரண்டு பையும் மாற்றி முடித்த பிறகு அடுத்தது இன்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட். விஜயமங்கலம் டோல்கேட் தாண்டியதும் விளக்கு எரிந்தது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன், அந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்ததால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் தப்பித்தது. கட்டை விரல் அளவு பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று வருடக்கணக்கில் சூட்டில் வெந்து வெந்து விரிசல் விட்டிருந்தது. அண்ணன் அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார், விரலால் அழுத்தினேன், பொரை பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. அது வெளியூரிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். டிராக் டே அதற்குள் வந்துவிடும்.

மனைவியிடம் ஸ்விஃப்டைக் கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னாள். "திங்கட்கிழமை எட்டேகாலுக்குப் பாப்பாவை ஸ்கூல்ல விடணும். போற மாதிரியே வரணும்." சாதாரண வண்டியில் ரேஸ் ஓட்டுவது பற்றி நான் படித்த, கேட்ட எல்லாவற்றையும்விட அந்த நிபந்தனைதான் எனக்கு அதிகம் உதவியது. வேகமாகப் போவதற்கு என்ன செய்யலாம் என்பதை விட்டுவிட்டு, எது முதலில் பழுதாகும் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பதில் பிரேக். 2018 பெட்ரோல் ஸ்விஃப்ட், 48,000 ஓடியது, பிரேக் ஆயிலை நான் ஒருமுறைகூட மாற்றியதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது அளவு, ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஊருக்குள் ஓட்டும்வரை இது தெரியவே தெரியாது. டிராக்கில் நிமிடத்துக்கு நாலைந்து முறை அழுத்திப் பிடிக்கும்போது ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால், ஆவி அமுங்கும், பெடல் நேராகத் தரைக்குப் போகும்.

சனிக்கிழமை மதியம் அதை மாற்றினோம். நான் டிரைவர் சீட்டில், அண்ணன் பின்பக்க இடது சக்கரத்தின் அடியில். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்தில் இருக்கிற சக்கரத்திலிருந்து தொடங்குவது அவர் வழக்கம். ஒரு டியூபை ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளில் செருகி, மறுமுனையைப் பழைய தண்ணீர் பாட்டிலில் விட்டார். "மிதிங்க… மிதிங்க… பிடிச்சுக்கங்க." ஸ்பானர் திரும்புகிற சத்தம், என் காலுக்குக் கீழே பெடல் மெதுவாக இறங்கியது. "விட்டுராதீங்க!" நிப்பிளை மூடுவதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், செய்த வேலை வீண். பாட்டிலில் விழுந்தது கடுங்காப்பி நிறம். நாலு சக்கரமும் முடிந்து, விளக்கெண்ணெய் மாதிரி வெளிர் மஞ்சளாக வந்த பிறகுதான் நிறுத்தினோம். அரை லிட்டர் ஆயில் பாட்டில் இரண்டு, கூலி, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

மற்றதெல்லாம் சின்ன வேலை. ஸ்டெப்னி, ஜாக்கி, ஃப்ளோர் மேட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கினேன் (பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு வந்து சிக்கும் பாட்டில் உயிரை எடுத்துவிடும்), டேஷ்போர்டு பிள்ளையாரைப் பூஜை அறையில் வைத்தேன், வீல் நட்டை டார்க் ரென்ச் (சரியான அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பானர்) வைத்து முறுக்கினேன். இன்சூரன்ஸ் காகிதத்தையும் எடுத்துப் படித்தேன். நம் ஊர்ப் பாலிசிகளில் பயன்பாட்டு வரம்பு என்று இருக்கும் பகுதியில் பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை எல்லாவற்றையும் விலக்கியிருக்கிறார்கள். டிராக்கில் எது நடந்தாலும் நம் கைக்காசுதான். இதைத் தெரிந்துகொண்டு போனால் கால் தானாக நிதானப்படும்.

அந்த மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கோவை கரிவர்தனின் நினைவாக அந்தப் பெயர். மாருதி 800 இன்ஜினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தி ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தவர் அவர். கடைக்குப் போய்வருகிற காரின் இன்ஜினை வைத்து நம்மால் ரேஸ் ஓட்ட முடியும் என்று காட்டிய மனிதர். 2005-ல் ஃபார்முலா ஒன்றுக்குப் போன நம் நரேன் கார்த்திகேயனும் அந்த ஃபார்முலா மாருதியில் ஓடிப் பழகியவர்தான். ஸ்விஃப்டோடு அந்த வாசலில் நுழையும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

காலையில் வகுப்பு. கொடிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே, நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, சிவப்பு என்றால் செஷன் நின்றது. ஹெல்மெட் கட்டாயம். அப்புறம் இருபது இருபது நிமிடமாக நாலு செஷன். முதல் சுற்று டயரையும் பிரேக்கையும் சூடேற்ற, கடைசிச் சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆறவிட. இந்தக் கடைசிச் சுற்றைப் பலர் மதிப்பதில்லை, தயவுசெய்து மதியுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, டயருக்கு ஒரு கல் வைத்தால் போதும், கொதிக்கிற பிரேக்கை இறுக்கிப் பிடித்து வைக்கக் கூடாது.

டயர் காற்று பற்றி ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்தார். பதினைந்து வருடமாகத் தன் தினசரி வண்டியிலேயே வருகிறவர். சாக்பீஸை எடுத்து டயரின் தரைப் பகுதியிலிருந்து பக்கச்சுவர் வரைக்கும் மூன்று இடத்தில் கோடு போட்டார். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் படுத்திருக்கிறது என்று அர்த்தம். பக்கச்சுவர்க் கோடும் அழிந்திருந்தால் காற்று போதவில்லை, ஓரத்துக் கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். கிளம்பும்போது காற்று 32 பிஎஸ்ஐ இருந்தது, சூட்டில் 38-க்குப் போயிருந்தது, கோடு ஓரத்தில் முழுசாக இருந்தது. கொஞ்சம் இறக்கினோம். இரண்டாவது செஷனில் முன்பக்கம் வளைவில் எவ்வளவு பிடித்தது என்பதை ஸ்டியரிங்கிலேயே உணர முடிந்தது.

மூன்றாவது செஷனில் இரண்டு விஷயம் நடந்தது. நேர்பாதை முடிகிற இடத்தில் நான் பிரேக்கை அழுத்தினேன், பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது, வண்டி மட்டும் வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டிப் போனது. கருகல் வாடை மூக்கில் ஏறியது. அது சக்கரத்தின் வட்டைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் சூடேறிப் பிடிமானம் இழப்பது. ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஒரு சுற்று மெதுவாகப் போய் உள்ளே வந்துவிட்டேன். நண்பருக்கு நடந்தது வேறு. அவர் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, இரண்டு மூன்று தடவை பம்ப் செய்துதான் நிறுத்தினார். மூன்று வருடமாக மாற்றாத ஆயில் கொதித்திருக்கிறது. கெட்டியாக இருந்து நிற்கவில்லை என்றால் பேட், பஞ்சாகிவிட்டால் ஆயில். இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவது வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நண்பர் நிறுத்திவிட்டார். கொடுத்த பணம் போச்சே என்று அவர் ஒரு சுற்றுகூடக் கூடுதலாக ஓட்டவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன்.

நான்காவதை நான் முழுசாக ஓட்டினேன். தாமதமாக பிரேக் பிடித்து, ஒரே மூச்சில் முடிக்காமல் படிப்படியாக விடுவது எப்படி என்று கூட உட்கார்ந்து வந்த பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார், காலையில் ஓட்டியதைவிட ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி குறைந்திருந்தது. 83 குதிரைசக்தி வண்டியில் அந்த ஆறு விநாடியும் கால் பழகியதால் வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் செடானைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். ஸ்விஃப்ட் 900 கிலோவுக்கும் குறைவு, செடான் 1,700-ஐத் தொடும். அதே வேகத்திலிருந்து நிறுத்த அதன் பிரேக் விழுங்க வேண்டிய சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த பிளாஸ்டிக் இணைப்பு நெடுஞ்சாலையில் உடையாமல் டிராக்கில் உடைந்திருந்தால், கூலன்ட் தரையில் கொட்டி எனக்குப் பின்னால் வருகிறவர் வழுக்கியிருப்பார். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

திங்கட்கிழமை ஸ்விஃப்ட் எட்டேகாலுக்கு ஸ்கூல் வாசலில் நின்றது. சாயங்காலம் நட்டை மறுபடி சரிபார்த்து, இன்ஜின் ஆயிலைப் பார்த்து, பேட் எவ்வளவு மிச்சம் என்று அளந்தேன்.

செடானை விற்கவில்லை. அது மோசமான வண்டி என்று நான் சொல்ல மாட்டேன், நன்றாக இருக்கிற அன்றைக்கு அதில் சேலம் போய்வருவது ஒரு சுகம். ஆனால் பழுது வந்தபிறகு பார்ப்பது என்ற பழக்கத்தை விட்டுவிட்டேன். அண்ணனோடு உட்கார்ந்து வயசாகிப் போகிற ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றுகிறோம். ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லப்பட்ட கியர் ஆயிலை 80,000-த்தில் மாற்றினோம், கியர் பெட்டி தயாரிக்கிறவர்களே அந்த வாக்கில் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிய பிறகு இரண்டாவது மூன்றாவது கியருக்கு இடையில் இருந்த உதறல் போய்விட்டது. பழைய சொகுசு கார் வாங்குகிறவர்கள் முதல் நாளே விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். அது முடியவில்லை என்றால் அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்த டிராக் டேக்கும் ஸ்விஃப்ட்தான். இந்தமுறை கொஞ்சம் கூடுதல் சூடு தாங்குகிற முன் பேட் வாங்கியிருக்கிறேன், பெட்டி பிரிக்காமல் டிக்கியில் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் அண்ணன் வரச் சொல்லியிருக்கிறார், நண்பரும் தன் வண்டியைக் கொண்டுவருகிறார், அவர் பிரேக் ஆயிலையும் சேர்த்து மாற்றப் போகிறோம்.