தாராவிச் சந்தில் ஒரு கல்யாணம், ஒரே லென்ஸோடு

தாராவியில் எங்கள் பழைய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். போட்டோவுக்குத் தனியாக ஆள் வைத்திருந்தார்கள். "மேடையை அவங்க பாத்துக்கட்டும், நீ கேமராவைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துரு" என்றான் அவள் அண்ணன். பாளையங்கோட்டைக்குக் குடிபோன பிறகு நான் எடுப்பதெல்லாம் வயல், கொக்கு, தாமிரபரணிப் படித்துறைதான். கூட்டத்தை எடுத்து நாளாகிவிட்டது. மும்பைக்குப் போகும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், 35 மி.மீ எஃப்/1.8, ஒரு ஃபிளாஷ். தள்ளி நின்று எடுக்க வேண்டிய 85 மி.மீ லென்ஸையும் கொண்டுபோனேன், பையிலேயே கிடந்தது. பத்துக்குப் பத்து அறையில் பின்னால் ஓரடி நகர்ந்தால் பீரோ முதுகில் இடிக்கிறது.

பெரிய சிக்கல் இருட்டு இல்லை, நிறம். மழைக்காகச் சந்துக்கு மேலே கட்டும் நீலத் தார்ப்பாயை அவிழ்க்கவே இல்லை. அதன் வழியாக இறங்கும் வெளிச்சத்தில் எல்லார் முகமும் நீலம் பூசியதுபோல இருந்தது. அதில் நலங்குக்கு மஞ்சள் பூசினால் என்ன ஆகும்? பெண் பச்சையாகத் தெரிந்தாள். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் தோல் சரியாகிறது, பட்டுப்புடவை கெட்டுவிடுகிறது. கடைசியில் தார்ப்பாய் முடிகிற இடத்தில், முக்காலியை வாசல்படிக்கு இழுத்துப் போட்டேன். அங்கே கைக்குட்டை அளவுக்கு வானம் தெரியும். அது போதுமாக இருந்தது. மற்ற நேரத்தில் ஃபிளாஷை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி அடித்தேன்.

ராத்திரி மராத்திக்காரப் பக்கத்து வீட்டார் புண்ணியத்தில் நலங்கு ஹல்தியாக மாறி, டிஜே வந்துவிட்டார். எல்இடி விளக்குகள். சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படம் முழுக்கக் குறுக்குக் கோடுகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100-ல் வைத்ததும் கோடு போய்விட்டது. ஆடுகிறவர்கள் கை கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும், ஆட்டம்தானே.

காது வளர்த்துப் பாம்படம் போட்டிருந்த ஆச்சி ஒருத்தி. இப்போது வெறும் காது தோளருகில் தொங்குகிறது. யாரிடமோ போனில் மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டே கையால் டிஜே தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போனைப் பொத்திக்கொண்டு, "எய்யா, சாப்பிட்டியா?" என்றாள். அந்தப் படத்தில் ஃபோகஸ் கச்சிதமாகக் காதில் விழுந்திருக்கிறது.

முகூர்த்தம் சயான் பக்கம் ஒரு மண்டபத்தில். கெட்டிமேளம் என்றதும் போன்கள் மொத்தமாக எழும்பும், அதற்குள் இடம் பிடிக்க வேண்டும். தாலி கட்டுவதை எடுக்க மூன்று கேமரா இருந்தன. நான் எதிர்ப்பக்கம் திரும்பி, குலவை போட்ட பெண்களை எடுத்தேன். மாட்டுங்காவில் தொடுத்து வந்த மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ் ஒன்று ஒரு சித்தியின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, அவருக்கு அது தெரியவே இல்லை.

கல்யாணம் முடிந்த ராத்திரி பதினோரு மணிக்கு சயான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். பாளையங்கோட்டையில் அந்நேரம் எங்கள் தெருவில் நாய்கூடத் தூங்கியிருக்கும். இங்கே வடாபாவ் வண்டியில் வரிசை நிற்கிறது. லோக்கலில் "புடீல் ஸ்டேஷன், ஷீவ்" (அடுத்த ஸ்டேஷன் சயான்) என்று மராத்தியில் அந்தப் பெண்குரல் சொன்னபோதெல்லாம் முன்பு எரிச்சல்தான் வரும். இப்போது அதைக் கேட்கவே ஒரு தடவை கூடுதலாக ஏறி இறங்கினேன். மெமரி கார்டைப் பார்த்தால், மும்பையின் சிவப்பு பெஸ்ட் (BEST) டவுன் பஸ், கட்டிங் சாய் கிளாஸ், ஏணிப்படி, 90 அடி சாலையின் முறுக்குக் கடை என்று கல்யாணத்துக்குச் சம்பந்தமில்லாதவை ஒரு பாதி. அவற்றைத் தனி ஃபோல்டரில் தள்ளினேன். என் ஏக்கத்தை அவர்கள் ஆல்பத்தில் எதற்குத் திணிக்க வேண்டும்?

ஒரு படத்தில்தான் தயங்கினேன். பெண் மஞ்சள் முகத்தோடு வாசல்படியில் சிரிக்கிறாள். தலைக்குப் பக்கத்தில், தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காகச் சுவரில் எழுதிய வீட்டு எண். வெட்டிவிட்டும் ஒன்று, வெட்டாமலும் ஒன்று அனுப்பினேன். வெட்டாததைத்தான் 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் கேட்டிருக்கிறாள். "அந்த நம்பர் தெரியணும்ணே" என்றாள்.

குலதெய்வம் கும்பிட இருவரும் ஊருக்கு வருகிறார்கள். அங்கே வெயில் ஏறினால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும், அதனால் காலை ஆறு மணிக்கே கோயிலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை நைட் ஷிஃப்ட்காரர். எழுந்து வருவாரா தெரியவில்லை.