பச்சை பெயிண்ட் மேல ஏன் கறுப்பு வெள்ளைப் பட்டை? டக்ஸ்ஃபோர்ட் ஒரு ரவுண்டு

கேம்ப்ரிட்ஜ் போறவங்க முக்காவாசி பேர் காலேஜ் கட்டிடத்தையும் ஆத்துல படகு விடுறதையும் பாத்துட்டு திரும்பிடுறாங்க. அங்கிருந்து தெக்கால கொஞ்ச தூரத்துல டக்ஸ்ஃபோர்ட்னு ஒரு பழைய விமானப்படைத் தளம் இருக்கு, ரெண்டாம் உலகப் போர்ல, 1940ல ஜெர்மன்காரன் குண்டு போட வந்தப்ப ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன்னு பிரிட்டிஷ் சண்டை விமானங்க கிளம்பிப் போன இடம், இப்ப அது இம்பீரியல் வார் மியூசியத்தோட ஒரு கிளை.

ஹேங்கர் ஹேங்கரா சுத்துறப்ப என் கண்ணுல பட்டது என்னன்னா, சில விமானத்துல மேல பச்சையும் சாம்பலுமா மறைஞ்சிக்கிறதுக்குன்னு பெயிண்ட் அடிச்சிட்டு, அதுக்கு மேலயே ரெக்கையிலயும் வாலுக்கு முன்னாடியும் எட்டூருக்குத் தெரியுற மாதிரி கறுப்பு வெள்ளையா பட்டை போட்டிருக்காங்க. ஒளியணுமா வேணாமா, ஒரு முடிவுக்கு வாங்கப்பா!

இதுக்குக் காரணம் எதிரி இல்ல, சொந்த ஆளுங்கதான். 1943 ஜூலை 11 ராத்திரி இத்தாலி பக்கத்துத் தீவான சிசிலியில இறங்க பாராசூட் வீரர்களை ஏத்திக்கிட்டு 144 அமெரிக்க சி-47 விமானம் போச்சு. கொஞ்சம் முன்னாடிதான் ஜெர்மன் விமானங்க அங்க கப்பல் மேல குண்டு போட்டிருந்துச்சு, அதுல மிரண்டு போயிருந்த நேச நாட்டுக் கப்பல்லயும் கரையிலயும் இருந்தவங்க, வர்றது யாருன்னே பாக்காம சுட ஆரம்பிச்சு 23 விமானம் காலி. மொத்தமும் நம்மாளு சுட்டது!

அதனால 1944 ஜூன்ல பிரான்ஸோட நார்மண்டி கரையில நேச நாட்டுப் படை இறங்கும்போது ரிஸ்க் எடுக்கல. ஆயிரக்கணக்குல விமானம் ஒரே வானத்துல பறந்தா ரேடியோ சிக்னல் வச்சு நம்மாளா எதிரியான்னு பிரிக்கிற சிஸ்டம் திணறிடும், சரி கண்ணால பாத்தே தெரியட்டும்னு மூணு வெள்ளை ரெண்டு கறுப்பு, மாத்தி மாத்தி. ஒத்த இன்ஜின் விமானத்துக்கு ஒவ்வொரு பட்டையும் 18 இன்ச், ரெட்டை இன்ஜினுக்கு 24 இன்ச். நாலு இன்ஜின் பாம்பருக்கு மட்டும் வேணாம்னுட்டாங்க, ஏன்னா அந்த சைஸ்ல ஜெர்மன்காரன்கிட்ட பெருசா ஒண்ணும் கிடையாது, குழப்பமே வராது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதை ரகசியமா வச்சிருந்த விதம்தான். முன்னாடியே அடிச்சா எதிரி காப்பி அடிச்சிடுவான்ல, அதனால ஆர்டரே 1944 ஜூன் 3, 4 தேதியிலதான் படைப்பிரிவுகளுக்குப் போச்சு, கிரவுண்ட் க்ரூ கைக்குக் கிடைச்ச பிரஷ்ஷை எடுத்து விடிய விடிய பூசியிருக்காங்க. அந்தக்கால போட்டோவுல பாத்தீங்கன்னா ஓரமெல்லாம் கோணல் மாணலா இருக்கும், பெயிண்ட் வழிஞ்சிருக்கும். மியூசியத்துல ஸ்கேல் வச்ச மாதிரி நேரா அடிச்சு வச்சிருக்கிறது எனக்கு ஒட்டவே இல்ல.

இந்தப் பட்டை ரொம்ப நாள் ஓடவும் இல்ல. பிரான்ஸுக்குள்ளயே தளம் போட்டு விமானத்தை நிறுத்த ஆரம்பிச்சதும், மேல இருந்து பாக்குற எதிரிக்கு இதுவே அடையாளமாயிடுச்சு, மேல்பக்கத்துப் பட்டையை முதல்ல அழிச்சாங்க, கீழ இருந்தது கொஞ்ச நாள் தாக்குப்பிடிச்சது.

இதே பயம் நம்ம பக்கமும் இருந்துச்சு. பிரிட்டிஷ் விமானத்து வட்டச் சின்னத்துக்கு நடுவுல சிவப்புப் பொட்டு இருக்கும்ல, ஜப்பான்காரன் சின்னமே சிவப்பு வட்டம், பர்மா பக்கம் அவசரத்துல பாக்குறவனுக்கு சிவப்பு தெரிஞ்சா போதும், சுட்டுடுவான். அதனால சிவப்பையே தூக்கிட்டு நீலமும் வெளிர் நீலமுமா மாத்துனாங்க, பர்மாவுல சண்டை போட்ட இந்திய விமானப்படை ஹரிக்கேன்லயும் அதே சின்னம்தான். அமெரிக்காக்காரன் 1942லயே நட்சத்திரத்துக்கு நடுவுல இருந்த சிவப்பை எடுத்துட்டான்.

போறவங்களுக்கு: லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்ல இருந்து கேம்ப்ரிட்ஜ் ட்ரெயின் ஏறி விட்டில்ஸ்ஃபோர்ட் பார்க்வேல இறங்குங்க, அங்கிருந்து டாக்ஸி பெட்டர். இடம் ரொம்பப் பெருசு, நல்ல ஷூ போட்டுக்கங்க. நார்மன் ஃபாஸ்டர் டிசைன் பண்ண அமெரிக்கன் ஹால்ல பி-52ன்னு பெரிய அமெரிக்க பாம்பர் நிக்குது, அதை விட்டுடாதீங்க. டாங்க் ஹால் கடைசி மூலையில இருக்கு, நேரம் இருந்தா பாருங்க, நான் அதைவிட ரன்வே ஓரமா உக்காந்து ஸ்பிட்ஃபயர் கிளம்புற சத்தம் கேக்கலாம்னுதான் சொல்லுவேன்.