பருப்பு வேகும் தண்ணீர்

பாரிஸில் நாங்கள் 13ஆம் வட்டாரத்தில் குடியிருந்தபோது குழாய்த் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு, கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. மாடியில் இருந்த ஒரு பிரெஞ்சுப் பாட்டிதான், புட் ஓ காய் மேட்டில் ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது, போய்ப் பிடித்துக்கொள் என்றார்.

அந்த மேட்டில் இருக்கும் போல் வெர்லேன் சதுக்கத்தில் வரிசையாகக் குழாய்கள். கேனும் பாட்டிலுமாக ஆட்கள் நிற்பார்கள். கை வைத்தால் வெதுவெதுப்பு, ஏறக்குறைய 28 டிகிரி, பூமிக்கு அடியில் வெகு ஆழத்திலிருந்து வருகிறது. இரும்புச்சத்து இருப்பதால் வடிகட்டித்தான் விடுகிறார்கள், ஆனால் சுண்ணாம்பு குறைவு. அன்றைக்குப் பருப்பு அப்படியே குழைந்துவிட்டது!

பாரிஸுக்கு அடியில் மண் அடுக்குகள் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி வளைந்து கிடக்கின்றன. கிண்ணத்தின் விளிம்பில், நகரத்துக்கு வெகு தொலைவில் பெய்யும் மழை மணல் அடுக்குக்குள் இறங்கி, களிமண்ணுக்குக் கீழே மாட்டிக்கொண்டு அழுத்தத்தில் இருக்கிறது. ஓட்டை போட்டால் தானாக மேலே ஏறும். 1841இல் முலோ என்பவர் கிரெனெல் பகுதியில், ஏழு ஆண்டுகளுக்கு மேல் துளைத்து, 548 மீட்டரில் இதைச் சாதித்துக் காட்டினார்.

நான் தண்ணீர் பிடித்த மேட்டில் இதே மாதிரி துளைத்த புட் ஓ காய் கிணற்றின் கதைதான் என்னை விடவே இல்லை. 1860களில் தொடங்கிய வேலை நடுவில் பல ஆண்டுகள் நின்றே போய், அப்புறம் மறுபடி ஆரம்பித்து, 1904இல்தான் 582 மீட்டரில் முடிந்தது. தொடங்கியவர்களில் எத்தனை பேர் அந்தத் தண்ணீரைப் பார்த்திருப்பார்கள்? அதற்குள் தொலைதூர ஊற்றுகளிலிருந்து கால்வாய் வழியாக நகரத்துக்கு நீர் வந்துவிட்டது, கிணற்றுக்கு அவசரத் தேவையே இல்லை. சரி, மூடிவிடலாம் என்று விட்டுவிடவில்லை. 1924இல் பக்கத்திலேயே செங்கல் கட்டடத்தில் நீச்சல்குளம் கட்டினார்கள், அதற்கு இந்த வெதுவெதுப்பான நீர் ஓடியது. 2000 வாக்கில் புதிதாக ஒரு துளையும் போட்டார்கள். இன்றைக்கும் இந்த நிலத்தடி நீரை, ஆறும் கால்வாயும் கைவிடும் நாளுக்கென்று நகரம் சேமிப்பாக வைத்திருக்கிறது. எனக்கு இதில் பெரிய மரியாதை.

வாரம் ஒருமுறை இரண்டு ஐந்து லிட்டர் கேன்களைத் தூக்கிக்கொண்டு மேடேறுவேன். முதல் கேன் பாட்டிக்கு.