வகுபடும் என்று தெரியும், எதால் என்று தெரியாது

காரைக்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்கு எடுக்கிறேன். பகு எண்ணை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். ஆத்தங்குடிக் கல்லைச் சொன்னால் போதும். 12 கல்லை மூன்றுக்கு நாலாகப் பதிக்கலாம், ஆறுக்கு இரண்டாகவும் பதிக்கலாம். 13 கல் என்றால் ஒரே வரிசைதான். வேறு எப்படி வைத்தாலும் மூலை குறையும். அது பகா எண்.

ஒரு நாள் பதினொன்றாம் வகுப்பில், பலகையின் அகலம் முழுக்க 147573952589676412927 என்று எழுதினேன். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண். இது பகா எண் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் பட்டியலிட்டார். இல்லை, பகு எண்தான் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா நிறுவினார். ஆனால் எதால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியாது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் அப்பா தளம் பதிக்கிறவர்.

"அது எப்படி சார்? நீளமும் தெரியாது, அகலமும் தெரியாது, ஆனா மூலை குறையாம அமையும்னு மட்டும் தெரியுமா?"

அதுவரை நானும் காரணியைக் கண்டுபிடி, பிறகு பகு எண் என்று சொல் என்றே நடத்தி வந்தேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. மணி அடித்துவிட்டது. மறுநாள் 91-ஐ எடுத்துக்கொண்டு போனேன்.

91-ஐப் பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும். ஃபெர்மா சொன்ன விதிப்படி, அது பகா எண்ணாக இருந்தால் 2-இன் 90-ஆம் அடுக்கை 91-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். 2-இன் 12-ஆம் அடுக்கு 4096. அதில் 4095 என்பது 91-இன் 45 மடங்கு; மீதி 1. தொண்ணூறில் ஏழு பன்னிரண்டு போக 6 மிஞ்சும். ஆக மீதி, 2-இன் 6-ஆம் அடுக்கு: 64. ஒன்று வரவில்லை, எனவே 91 பகா எண் இல்லை. 7-ஐயும் 13-ஐயும் நாங்கள் தொடவே இல்லை. (மீதி 1 வந்துவிட்டால் பகா எண் என்று முடிவுகட்டக் கூடாது; 341 அப்படி ஏமாற்றும்.) லூக்காவின் சோதனை வேறு, நியாயம் இதே ஜாதி.

அந்த 21 இலக்க எண்ணின் நீள அகலத்தை 1903-இல் நியூயார்க்கில் நடந்த கணித அறிஞர்கள் கூட்டத்தில் கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் காட்டினார்: 193707721, 761838257287. பேசாமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்றும், அதற்கு மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்றும் சொல்வார்கள்.

நாங்களும் பெருக்கினோம். முதல் எண்ணில் ஒரு பூஜ்யம் இருப்பதால் எட்டு வரிசை, எட்டுக் குழு. அதில் 7 மூன்று தடவை வருகிறது; மூன்று குழுவுக்கும் ஒரே விடை வர வேண்டும். இரண்டு ஒத்துப்போனது. மூன்றாவது குழுவில், கடைசி 9-க்கு முன்னால் 0 இருக்க வேண்டிய இடத்தில் 6. ஏழேழு நாற்பத்தொன்பதில் மனதில் வைத்த 4-ஐ எட்டேழு ஐம்பத்தாறோடு கூட்டாமல் விட்டிருந்தார்கள். திருத்திக் கூட்டியபோது பலகையின் மேல் விளிம்பில் இருந்த எண்ணே கீழேயும் வந்தது. வகுப்பே எழுந்து நின்றது. இரண்டு காரணிகளிலும் ஒன்றைக் கழித்தால் 134-ஆல், அதாவது இரண்டு 67-ஆல், மீதியின்றி வகுபடும். அந்த இரட்டை 67-ஐ அவர்களே வகுத்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

போகும்போது அவள் மட்டும் நின்றாள். "இன்னும் நீள அகலம் தெரியாதது ஏதாவது இருக்கா சார்?"

"இருக்கும்மா. 67-க்குப் பதிலா 1277 போடு. 385 இலக்கம். பகு எண்ணுன்னு நிரூபிச்சாச்சு. ஒரு காரணிகூட இன்னும் கிடைக்கல."

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 1277 என்று எழுதிக்கொண்டாள்.