அம்மாபேட்டைப் பென்டியத்தில் ஒரு நெட்வொர்க் கார்டு

ஜூன் 3

அம்மாபேட்டையில், தறிக்கு டிசைன் சொல்லும் துளை அட்டையான ஜக்காடு அட்டை அடித்துத் தரும் ஒரு கூடத்திலிருந்து போன். அங்கே துளை போடும் மெஷினை ஓட்டுவது விண்டோஸுக்கு முந்தைய டாஸில் இயங்கும் பழைய பென்டியம் கம்ப்யூட்டர். டிசைன் எல்லாம் ஃபிளாப்பியில்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது நல்ல ஃபிளாப்பி கிடைப்பதே அரிதாகிவிட்டதால், யாரையோ வைத்து, பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் செருகும் நெட்வொர்க் கார்டு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கும் லாக்கை, அதாவது அது இருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும் சாவியை, காணோம் என்கிறதாம்.

"லாக்கே செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாங்க தம்பி. அதைக் கொடுத்த கம்பெனி இப்ப இல்லை."

"எதையும் தூக்கிப் போட்றாதீங்கண்ணா, நாளைக்கு வர்றேன்" என்றேன்.

ஜூன் 4

கேபினெட்டைத் திறந்தால் உள்ளே பட்டு நூல் தூசி மெத்தையாகப் படிந்திருக்கிறது. துடைத்துவிட்டு, நெட்வொர்க் கார்டை மட்டும் உருவி வைத்து ஆன் செய்தேன். சாஃப்ட்வேர் உடனே திறந்துகொண்டது. லாக்குக்கு ஒன்றுமே ஆகவில்லை! அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கார்டைத் திருப்பிப் பார்த்தேன். என்.ஈ.2000 வகை. கம்ப்யூட்டர் இந்தக் கார்டைக் கூப்பிடும் எண்தான் முகவரி. அதைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் என்ற சின்னச் செருகி 360-இல் இருக்கிறது. விஷயம் அதுதான். இந்தக் கார்டு ஒரே ஒரு முகவரியோடு நிற்காது. தொடங்கும் இடத்திலிருந்து 32 முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். ஹெக்ஸ் (பதினாறடிமான) கணக்கில் 360-இல் தொடங்கினால் 37எஃப் வரை போகும். பிரிண்டர் போர்ட் உட்கார்ந்திருப்பது 378-இல். லாக்கைத் தேடி சாஃப்ட்வேர் அங்கே கேட்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து பதில் சொன்னால் என்ன புரியும்?

360-ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் தெரிகிறது. 300-இல் அட்டை மெஷினின் இன்டர்ஃபேஸ் கார்டு இருக்கிறது. ஐ.பி.எம். தன் பழைய முகவரிப் பட்டியலில் 300 முதல் 31எஃப் வரை சோதனைக் கார்டுகளுக்கென்று விட்டு வைத்தது. சிறிய பட்டறைகள் செய்யும் மெஷின் கார்டுகள் அங்கே குடியேறியதற்கு அதுவே காரணம். என்.ஈ.2000-க்கும் ஃபேக்டரியில் வைத்து அனுப்புவது அதே 300-தான். அங்கே இடமில்லை என்றதும் கடைசி எண்ணுக்குத் தாவியிருக்கிறார்கள்.

340-க்கு மாற்றினேன். 35எஃப் வரை இந்த மெஷினில் யாரும் இல்லை. லாக்கும் வேலை செய்கிறது, கார்டும் தெரிகிறது.

ஜூன் 5

பகல் முழுக்க கரண்ட் இல்லை. போகவில்லை.

ஜூன் 6

அடுத்த சிக்கல் ஐ.ஆர்.க்யூ., அதாவது 'என்னைக் கவனி' என்று கார்டு பிராசஸரைக் கூப்பிடும் லைன். நெட்வொர்க் கார்டு 3-இல் இருக்கிறது. காம் 2 என்ற சீரியல் போர்ட்டும் 3-தான். டிசைனை டிரேஸ் செய்யும் டேப்லெட் அதில் மாட்டியிருக்கிறது. நெட்வொர்க்கில் ஃபைல் ஓடினால் பேனா அப்படியே நின்றுவிடுகிறது. ஐ.எஸ்.ஏ.வுக்குப் பின் வந்த பி.சி.ஐ. கார்டுகள் ஒரே ஐ.ஆர்.க்யூ.வைப் பகிர்ந்துகொள்ளும், ஐ.எஸ்.ஏ.வில் அது பெரும்பாலும் நடக்காது. ஆளுக்கொன்று கொடுத்தே ஆக வேண்டும்.

5 பொதுவாக இரண்டாவது பிரிண்டர் போர்ட்டுக்கு உரியது. இங்கே அப்படி ஒன்று இல்லை. சரி என்று ஜம்பரை 5-க்கு மாற்றி ஆன் செய்தால், பூட் ஆகும்போது வரும் பட்டியலில் டிஸ்ப்ளே கார்டுக்கு நேராக 5! ஐ.எஸ்.ஏ. கார்டின் ஜம்பரை, ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸால் பார்க்க முடியாது. காலியாக இருக்கிறது என்று நினைத்து பி.சி.ஐ. கார்டுக்குக் கொடுத்துவிட்டது. பயாஸில், கார்டுகளுக்கு ஐ.ஆர்.க்யூ. பிரிக்கும் பி.என்.பி. பக்கத்துக்குப் போய் ஐ.ஆர்.க்யூ. 5-ஐ 'லெகசி ஐ.எஸ்.ஏ.' என்று ஒதுக்கினேன். டிஸ்ப்ளே கார்டு 11-க்குப் போய்விட்டது. டேப்லெட் பேனா இப்போது தடையில்லாமல் ஓடுகிறது.

பயாஸ் பேட்டரியையும் மாற்றிவிட்டேன். சிஆர்2032, சின்ன விலை. அது தீர்ந்தால் இந்த ஒதுக்கீடு அழிந்து, ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு பழைய சண்டை திரும்ப வரும். பழைய மெஷினில் கார்டு போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஜூன் 7

நெட்வொர்க் கார்டை இயக்கும் பாக்கெட் டிரைவரை முகவரி 340, ஐ.ஆர்.க்யூ. 5 என்று கொடுத்து ஏற்றி, டாஸுக்கான எம்.டி.சி.பி. நெட்வொர்க் தொகுப்பில் இருக்கும், ஃபைல் வாங்கும் எஃப்.டி.பி. சர்வரை ஓடவிட்டேன். லேப்டாப்பிலிருந்து வெண்பட்டு வேட்டிக்கான கரை டிசைன் ஒன்று கேபிள் வழியாகவே வந்து சேர்ந்தது. அண்ணன் உடனே அட்டை அடிக்க உட்கார்ந்துவிட்டார்.

எந்த கார்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த ஐ.ஆர்.க்யூ. என்று எழுதி கேபினெட் மூடியின் உள்பக்கம் ஒட்டியாயிற்று. அடுத்து அந்த ஹார்டு டிஸ்கை முழுதாக நகல் எடுக்க வேண்டும். ஆன் செய்யும்போது அது போடும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. திங்களன்று காலை அட்டை வேலை தொடங்குவதற்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறார்.