லாபம், ரெண்டு, மூணு

மேலூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வருஷமாக அரிசி வியாபாரம். பக்கவாதம் வந்து மூன்றாவது வாரம், சக்கர நாற்காலியில் வைத்து மகன் என் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். வலது கை மடியில் துவண்டு கிடந்தது. "அப்பாவுக்கு மூளை கொழம்பிருச்சு மேடம், எம் பேரே தெரியல" என்றார், அவர் காதுபடவே.

மதுரையில் நான் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த புதிது. கடையில் வாங்கிய பட அட்டைகள்தான் கையிருப்பு. ஸ்ட்ராபெர்ரி படத்தைக் காட்டி, "இது என்னங்கய்யா?" என்றேன். உதடு குவிந்தது, நெற்றி வேர்த்தது. கடைசியில் அட்சரம் பிசகாமல் வந்து விழுந்தது: "சனியனே!" மகன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்திருக்க வேண்டியவள் நான். மேலூர்ச் சந்தையில் ஸ்ட்ராபெர்ரியை யார் கண்டார்கள்?

பெருமூளை யோசிக்க, சிறுமூளை தள்ளாடாமல் நடக்க, முகுளம் மூச்சு விட என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுப் பாகம் குறித்தோம். வசவு எங்கே குடியிருக்கிறது என்று யாரும் குறிக்கச் சொல்லவில்லை. 1861இல் பாரிஸில், 'டான்' என்பதைத் தவிர அநேகமாக வேறெதுவும் பேச வராத ஒருவர் இறந்தபின் அவர் மூளையைப் பால் புரோக்கா ஆராய்ந்தார். இடது முன்மடலில் சிதைவு. சொல்லைக் கோத்து வாய்க்கு அனுப்ப அந்த இடம் வேண்டும். வலது கையை அசைக்கும் பகுதியும் அதற்குப் பக்கத்தில்தான். ஒரே ரத்தக்குழாய் அடைத்தால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். கேட்டதைப் புரிந்துகொள்ளும் பகுதி அதற்கும் பின்னால், இடது காதுக்குச் சற்று மேலே. இவருக்கு அது பெரும்பாலும் தப்பியிருந்தது. "நீங்க சொன்னது அவருக்குக் கேட்டுச்சு, புரிஞ்சும் இருக்கு" என்றேன். மகன் பதில் பேசவில்லை.

வசவு, சாமி பாட்டு, எண்ணிக்கை என்று நாக்கில் ஊறிப்போனதெல்லாம் வேறு வழியில் வரும். அதில் வலது பாதி மூளைக்கும் பங்குண்டு என்கிறார்கள். எனக்கு அது பாடமாகத் தெரியும், பயன்படுத்தத்தான் தோன்றவில்லை.

அடுத்த முறை அட்டையை எடுக்கவில்லை. வீட்டு உழக்கையும் ஒரு பை அரிசியையும் கொண்டுவரச் சொன்னேன். இடது கையால் அள்ளித் தட்டில் கொட்டினார்.

"லாபம்."

எங்கள் பக்கம் அளக்கும்போது ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. ரெண்டு, மூணு, நாலு என்று கடைத் திண்ணையில் இழுக்கும் அதே ராகத்தில் போனார். அஞ்சில் கையைப் பிடித்து நிறுத்தி, "எத்தனைங்கய்யா?" என்றேன்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. உழக்கைக் கீழே வைத்துவிட்டு ஐந்து விரலையும் விரித்தார். பிறகு கண்ணை மூடி, முணுமுணுப்பாக மறுபடியும் லாபத்திலிருந்து ஏறினார்: ரெண்டு, மூணு, நாலு...

"அஞ்சு."

அங்கேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார்.